சல்லடை இல்லாத பதினோரு நிமிடங்கள்

நல்லாம்பட்டணம் மாநகராட்சியின் இரண்டாம் மாடியில் இருந்த வரைபட அறைக்கு வெளியாட்கள் யாரும் வருவதில்லை. குடிநீர்ப் புகாரோடு வருகிறவர்களைக் கீழேயே உட்காரவைத்து, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பேச்சித்தாய் கீழே நான்கு மேசைகளைச் சுற்றினாள். நான்கிலும் "மேல கேளுங்க" என்றார்கள். அவள் நிஜமாகவே மேலே ஏறி வந்துவிட்டாள். காலை பதினொன்றேகால் இருக்கும்.

"எங்க வீட்டுக்காரவுக நேத்து மத்தியானம் வேலைக்குப் போனவுக, இன்னும் வரல மேடம்" என்றாள். மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அறைப் பொறுப்பாளர் ஜெசிந்தா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. போலீஸ்ல சொன்னீங்களா?"

"ராத்திரியே போனோம். குடிச்சிட்டு எங்கயாவது கெடப்பாரு, விடியட்டும்னாக. அவுக குடிக்க மாட்டாக. விடிஞ்சு போனா, கடைசியா யாரு போன்ல பேசுனான்னு கம்பெனில கேட்டு வாங்கணும், சாயங்காலம் ஆகும்னுட்டாக."

புருஷன் பெயர் சுடலைமணி. வீடுகளில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளை, சம்ப்புகளை, இறங்கிக் கழுவிவிடுவதுதான் தொழில். ஆசிரியர் காலனியில் ஒரு வீடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். வாசல் கேட் பூட்டின் நம்பரைப் போனிலேயே சொல்லிவிட்டார்களாம். எந்தத் தெரு, எந்த வீடு என்று பேச்சித்தாய்க்குத் தெரியாது. இரவு முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் அதுவும் அணைந்துவிட்டது.

"எந்தம்பி இசக்கியும் இந்த வேலைலதான் போனான் மேடம். பன்னெண்டு வருசமாச்சு. சம்ப்புக்குள்ள புதுசா பெயின்டு அடிச்சிருந்திருக்கு. இவுக டீ வாங்கப் போன நேரம் பாத்து அவனா எறங்கிட்டான். காத்து இல்லாமச் செத்தான். அதான் எனக்கு ஒரு நேரம் இருப்புக்கொள்ள மாட்டேங்குது."

ஜெசிந்தா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க ஊர் விரிந்திருந்தது. வீடு, கோயில், பள்ளிக்கூடம் எதுவும் அதில் கிடையாது. மண்ணுக்கு அடியில் ஓடும் குழாய்கள் மட்டும் நீலக்கோடுகளாக இருந்தன. ஆசிரியர் காலனி மேற்கு மூலையில், ஆயிரத்து முந்நூறு இணைப்புகளோடு, சாம்பல் நிறத்தில் கிடந்தது. சாம்பல் என்றால் குழாய் காலி என்று பொருள். ஐந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிற பகுதி அது. இன்று முறை நாள். ஒரு மணிக்கு வால்வைத் திறப்பார்கள். திறந்தால் அங்கிருக்கும் ஒவ்வொரு சம்ப்பும் நிரம்பும்.

அதை அவள் பேச்சித்தாயிடம் சொல்லவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உதவிப் பொறியாளர் தளவாய் இருந்தார். அவரிடம் போய் நின்றாள்.

"சார், ஆசிரியர் காலனிக்கு இன்னைக்குத் தண்ணி விடக் கூடாது."

விஷயத்தைக் கேட்டு முடித்த தளவாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு நாளா காஞ்சு கெடக்காங்க. இன்னும் ஒரு நாள்னா காலிக்குடத்தோட ரோட்டுக்கு வந்துருவாங்க. சரி, ஒண்ணரை வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். அதுக்குள்ள ஆயிரத்து முந்நூறு வீட்டுலயும் போய்க் கதவத் தட்ட முடியுமா?"

"முடியாது. அதான் சல்லடைய எடுக்கலாம்னு பாக்கேன்."

அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

ஊரில் வால்வுத் தொட்டிகள் இருக்கும் இடங்களிலெல்லாம் குழாயை ஒட்டி, சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது. அலுவலகத்தில் அதைக் காது என்பார்கள். குழாயில் கசிவு விழுந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். பக்கத்துப் பக்கத்து இரண்டு காதுகளுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்று கணக்கிட்டு, வரைபடம் கசிவின் மேல் சிவப்புப் புள்ளி வைத்துவிடும். முன்பெல்லாம் ஒரு கசிவைக் கண்டுபிடிக்க அரைத் தெருவைத் தோண்டினார்கள். இப்போது இரண்டடிக் குழி போதும். நான்கு வருடத்தில் ஊருக்குக் கிடைக்கும் தண்ணீர் கால் பங்கு கூடியிருந்தது.

கசிவுச் சத்தத்தைக் கேட்கிற காது மற்றதையும் கேட்டது. பொருத்திய முதல் வாரத்திலேயே ஜெசிந்தாவுக்கு அது தெரிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் இருந்தால் மிக்சி, மோட்டார், கதவு சாத்துகிற சத்தம். குழாய் காலியாக இருந்தால், திறந்து கிடக்கும் பைப் வழியாகப் பேச்சே வந்தது. யாரோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டதை அவள் அரை நிமிடம் கேட்டுவிட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. மறுநாளே, கசிவு தவிர வேறு எந்தச் சத்தமும் காதைத் தாண்டி அலுவலகத்துக்கு வராதபடி மென்பொருளில் ஒரு வடிகட்டியைப் போட்டாள். அதுதான் சல்லடை. அது இருப்பது அவளுக்கும் தளவாய்க்கும் ஆணையருக்கும் மட்டுமே தெரியும். எடுப்பதென்றால் ஆணையரின் எழுத்து உத்தரவு வேண்டும்.

"ஆணையர் சென்னையில மீட்டிங்ல இருக்கார். நாலு மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டார்" என்றார் தளவாய். மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நான் சாப்பிடப் போறேன் ஜெசிந்தா. நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியாது. வால்வு மட்டும் ஒண்ணரை வரைக்கும் திறக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

பன்னிரண்டு இருபதுக்கு ஜெசிந்தா சல்லடையை எடுத்தாள்.

ஆசிரியர் காலனியில் நாற்பத்தாறு காதுகள். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். குக்கர் விசில். டிவியில் யாரோ சிரித்தார்கள். ஒரு பிள்ளை பதினேழாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பெண் யாரிடமோ போனில், "என்னைய வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா, சத்தியமா இனி அது வேணும் இது வேணும்னு கேக்க மாட்டேன்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஜெசிந்தாவின் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. அவள் தேடியது வேறு.

முப்பத்தொன்றாவது காதில் அது கேட்டது. டங், டங், டங். இடைவெளி. மறுபடியும் மூன்று. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். ஜெசிந்தா பக்கத்துக் காதையும் திறந்து இரண்டையும் சேர்த்து வரைபடத்துக்குக் கொடுத்தாள். கணக்குப் போட அது அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த அரை நிமிடத்தில்தான் குரல் வந்தது. சம்ப்புக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயில் அந்த மனிதர் தன் வாயை வைத்துப் பேசியிருக்க வேண்டும். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"பேச்சி... இசக்கிய நாந்தான் எறக்கிவிட்டேன். டீ வாங்கப் போனேன்னு சொன்னது பொய். பெயின்டு நாத்தம் இன்னும் போகல மாமான்னான். ஒண்ணும் ஆகாது எறங்குலேன்னு மேல நின்னுக்கிட்டு நாந்தான் சொன்னேன்."

டங், டங், டங். பிறகு மறுபடியும் அதே வார்த்தைகள், முதலிலிருந்து.

பேச்சித்தாய் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவுகளா? கேக்குதா? என்ன சொல்லுதாக?"

"உசுரோட இருக்காருக்கா. தட்டுற சத்தம் கேக்குது."

"ஒருதடவ குடுங்கம்மா. அவுக கொரல மட்டும் கேட்டுக்கிடுதேன்." ஹெட்போனுக்காக அவள் கை நீண்டது.

ஜெசிந்தா இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கொரல் வராதுக்கா. தட்டுறது மட்டுந்தான் வரும்."

வரைபடத்தில் புள்ளி விழுந்தது. ஏழாம் குறுக்குத் தெரு, வடக்குக் கோடி வீடு. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அவள் சல்லடையைத் திரும்பப் போட்டாள். அந்தப் பதினோரு நிமிடத்தில் காதுகள் கேட்டதெல்லாம் கணினியில் தானாகப் பதிவாகியிருந்தது. காலனி வால்வைத் திறக்கக் காத்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினாருக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, ஓடுங்க" என்றாள்.

ஆறுமுகநயினார் சுவரேறிக் குதித்தார். கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் சம்ப். இரும்பு மூடியைத் தாங்கி வைத்திருந்த கட்டை சரிந்து, மூடி தானாக விழுந்திருந்தது. ஏணி உள்ளே நழுவிக் கிடந்தது. சார்ஜ் தீர்ந்த போன் மேலே கழற்றி வைத்த சட்டைப்பையில் இருந்தது. கணுக்கால் முறிந்த சுடலைமணி, வாளிப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய்க்கு நேராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே தூக்கியதும் அவர் முதலில் தண்ணீர் கேட்கவில்லை. "யாருக்குக் கேட்டுச்சு?" என்று கேட்டார். மயக்கத்தில் உளறுகிறார் என்று ஆறுமுகநயினார் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆணையர் ஜெசிந்தாவைப் போனில் அழைத்தார். உத்தரவில்லாமல் செய்ததற்குத் திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் பாராட்டினார். மறுநாள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, "நம்ம ஊர்க் குழாய்களுக்குக் காது உண்டு. ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கு" என்றார். எல்லாப் பேப்பரிலும் அதே வரி வந்தது.

படித்தவர்கள் முதல் நாள் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் யோசித்தார்கள்.

அடுத்த வாரம் ஆசிரியர் காலனியில் தண்ணீர்ச் செலவு திடீரென்று கூடியது. கசிவு ஏதும் இல்லை. ஆறுமுகநயினார் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். "வீட்டுக்குள்ள எதாவது முக்கியமாப் பேசணும்னா பைப்பத் தெறந்துவிட்டுட்டுப் பேசுதாவ. தண்ணி விழுற சத்தத்துல கேக்காதாம்." அதற்கடுத்த வாரம் வால்வுத் தொட்டிகளின் மூடிகளைத் திறந்து பதினான்கு காதுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்தத் தெருக்களில் கசிவு தெரியவில்லை. இரண்டு தெருவில் சாக்கடை கலந்த தண்ணீர் வந்து, பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இதற்கிடையில் ஒரு நகைத் திருட்டு வழக்குக்காக, குறிப்பிட்ட தெருவின் பேச்சை நான்கு நாள் கேட்டுத் தரும்படி போலீசிலிருந்து கடிதம் வந்தது. தளவாய் அதைக் கோப்பின் அடியில் வைத்தார். பத்து நாளில் நினைவூட்டுக் கடிதம் வந்தது.

ஜெசிந்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதரைக் காப்பாற்றியதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஆனால் போனில் கெஞ்சிய அந்தப் பெண் எந்த வீடு என்று பதிவை வரைபடத்துக்குக் கொடுத்துப் பார்த்திருந்தாள். முப்பதாவது காது, நான்காம் குறுக்குத் தெரு. இரண்டு முறை அந்தத் தெருவுக்குப் போய் நின்றாள். கதவைத் தட்டி என்ன சொல்வது? நீ பேசியதைக் கேட்டேன் என்றா? இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாள்.

ஆறாவது வாரம் ஆணையர் அவளைக் கூப்பிட்டார். மற்ற ஊர் ஆணையர்களெல்லாம் வரப்போகும் கூட்டத்தில் இந்தக் கதையைக் காட்டப்போவதாகச் சொன்னார். சுடலைமணியையும் பேச்சித்தாயையும் மேடைக்கு அழைத்தாகிவிட்டது.

"அந்தப் பதினோரு நிமிஷப் பதிவு அப்படியே இருக்குல்ல?"

"இருக்கு சார். வேணும்னா தட்டுற சத்தத்த மட்டும் வெட்டித் தர்றேன்."

"மேடைக்கு அது போதும். முழுசையும் மென்பொருள் கம்பெனிக்கு அனுப்பிருங்க. அதுல அவர் பேசுறதும் இருக்கும்ல? மனுஷக் குரல் எதுன்னு அதுக்குப் பழக்கணுமாம். அடுத்த வருஷம் சல்லடையே தேவைப்படாது. எது வேணும், எது வேண்டாம்னு அதுவே பிரிச்சுக்கும்."

"அதுல வீட்டுப் பேச்செல்லாம் இருக்கு சார்."

"நாம யாரு வீட்டையும் ஒட்டுக் கேக்கலியே ஜெசிந்தா. மிஷினுக்குத்தான குடுக்கோம்." அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

ஜெசிந்தா மேலே வந்து உட்கார்ந்தாள். இந்தப் பதிவை நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள்? அதில் ஒருவர் பேப்பர்க்காரராக இருந்தால் போதும். தம்பியைக் கொன்றது யார் என்று பேச்சித்தாய் டீக்கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வாள். பதிவையும் அதன் நகலையும் அழித்தாள். பிறகு தளவாயிடம் போய்ச் சொன்னாள்.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பழுதாயிப்போச்சுன்னு எழுதிக் குடுங்க."

"நான் அழிச்சேன்னே எழுதுறேன் சார். பழுதுன்னு எழுதினா மறுபடியும் ஒண்ணு பதிஞ்சு தரச் சொல்லுவாங்க."

மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை கீழே பிறப்பு இறப்புச் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றம். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

வரைபட அறையில் அவளுக்குக் கடைசி நாள். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ஊன்றுகோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சுடலைமணி நின்றிருந்தார். பேப்பரில் வந்த படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார்.

"கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்தோம் மேடம். அப்படியே ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பேப்பர்ல போட்டிருந்த அந்தப் பதினோரு நிமிசம் இருக்கே, அத ஒருதடவ கேக்க முடியுமா?"

இதைத்தான் கேட்க வருவார் என்று ஜெசிந்தாவுக்கு முன்பே தோன்றியிருந்தது. பதிலும் தயாராக இருந்தது. "அழிச்சாச்சு அண்ணாச்சி. இனிமே யாரும் கேக்க முடியாது. அதுலயும் தட்டுற சத்தந்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் கேக்கல. நீங்க நிம்மதியாப் போங்க."

அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை.

"ஒண்ணுமே கேக்கலியா?"

"இல்ல."

இப்போதுதான் உட்கார்ந்தார். ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "பைப்பு வாயில வாய வச்சுத்தான் சொன்னேன். எங்கயாவது போயிச் சேரும்னு. பேப்பர்ல காது இருக்குன்னு போட்டதும், சரி, சேந்துட்டு, இனி நம்ம கையில இல்லன்னு இருந்தேன். அம்பது நாளா தெனமும் அவ மொகத்தப் பாக்கேன். இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு. கூட்டத்துல போடப் போறாகன்னதும் எனக்குப் பயமே வரல மேடம். அங்கயாவது கேட்டுருவான்னு நெனச்சேன். மறுபடி சொல்ல எனக்கு வாயி வரமாட்டேங்குது. அங்கன வந்துச்சு. சாகப்போறோம்னு இருந்துச்சு, வந்துச்சு."

இவருக்கும் பேச்சித்தாய்க்கும் நல்லது என்றுதான் அழித்ததாக ஜெசிந்தா நினைத்திருந்தாள். அவரைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றாள். "நான் பொய் சொன்னேன். எல்லாம் கேட்டுச்சு. அன்னைக்கு ஒங்க வீட்டம்மா என் பக்கத்துலதான் நின்னாங்க. கொரல் கேக்கணும்னு கேட்டாங்க. நாந்தான் குடுக்கல."

அவர் அவளையே பார்த்தார். "டீ வாங்கப் போகலன்னு சொன்னதுமா?"

"அதுவுந்தான்."

"நீங்க ஏன் போலீசுல சொல்லல?"

"நீங்க அத எங்கிட்டச் சொல்லலியே."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் ஊர் நீலமும் சாம்பலுமாக மின்னிக்கொண்டிருந்தது. "எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார் கடைசியில். "எனக்கு வார்த்த நெனப்பில்ல. பைத்தியக்காரன் மாதிரி என்னவோ சொன்னேன்."

ஜெசிந்தா சொன்னாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கேட்டதைக் கேட்டபடியே, "பேச்சி" என்பதிலிருந்து தொடங்கி, "எறங்குலே" என்பது வரைக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறை சொல்லும்போது அவருடைய உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

"கீழ நிக்கா" என்று எழுந்தார்.

"நானும் வரட்டுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தார். படிக்கட்டில் ஊன்றுகோல் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, நின்றது.

ஜன்னலிலிருந்து வாசல் தெரிந்தது. அங்கே நிறுத்தியிருந்த தண்ணீர் லாரியின் நிழலில் பேச்சித்தாய் நின்றிருந்தாள். சுடலைமணி அவள் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தார். ரோட்டு இரைச்சலில் ஒன்றும் மேலே வரவில்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சித்தாய் அசையவில்லை. பிறகு லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவர்கள் போகவேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. அடுத்ததும் போனது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்து, அவரைப் பார்க்காமலே தனியாக ரோட்டில் இறங்கினாள். பாதி ரோட்டைத் தாண்டி நடுத்தடுப்பை அடைந்ததும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, அவர் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்து சேரும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.